அடித்தவர் பங்கு

என் முழங்கையை உடைத்தது ரப்பர் சுத்தியல். இரும்புச் சுத்தியல் பக்கத்திலேயேதான் கிடந்தது. அதை விட்டுவிட்டு ரப்பரை எடுத்தானே என்று என் மாமியார் ஆஸ்பத்திரியில் வைத்தே மகனை மெச்சிக்கொண்டாள். "கோவத்துலயும் பாத்துதான் எடுத்திருக்கான்" என்றாள். அவளை அங்கேயே ஒரு சாத்து சாத்தியிருப்பேன், கையில் கட்டுப் போட்டிருந்தது.

என் வீட்டுக்காரன் டிங்கர். எங்கேயாவது மோதி நசுங்கி வரும் கார்களை அடித்து நேராக்குகிறவன். நான் பெயின்டர். அவன் நேராக்கியதன் மேல் பட்டி பூசித் தேய்த்து, வண்ணம் அடித்து, மோதலே நடக்காதது போல ஆக்கி அனுப்புகிறவள். முன்னால் பட்டறை, பின்சுவரை ஒட்டி வீடு. ஊரில் எல்லாருக்கும் அவன் டிங்கர்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்ப மாட்டான். முகத்துக்கு நேரே நான் "நீங்க, வாங்க" என்பேன். மனசுக்குள் அவன், இவன்தான். இங்கே மனசில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

தகரத்தை நேராக்க ஒரு முறை இருக்கிறது. பின்பக்கம் ஒரு இரும்புக் கட்டையை அணைகொடுத்து, முன்பக்கம் தட்ட வேண்டும். அணை இல்லாமல் தட்டினால் அடி வீண். என்னை அடிக்கும்போதும் அவனுக்கு அணை வேண்டும். சுவர், கதவு, நிற்கிற காரின் பக்கவாட்டு என்று எதிலாவது என்னைச் சாத்திவிட்டுத்தான் கையை ஓங்குவான். சத்தம் கேட்டால் பக்கத்து டயர் கடைக்காரர்கள் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வேலைதான் நடந்தது.

முழங்கை உடைந்த செய்தி கேட்டு என் அண்ணன் லாரியை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டு, வீல் ஸ்பேனரோடு உள்ளே வந்தான்.

"நீ படுத்திரு. நான் போய் அந்தாளு காலை ஒடிச்சுப் போட்டுட்டு வந்துடறேன்."

"அவர் காலை வச்சு நான் என்ன பண்றது?" என்றேன். "பட்டறையில பாதி எனக்கு எழுதி வாங்கிக் குடு."

பட்டறை அவன் பெயரில் இருந்தது. கூரைத் தகடு முதல் தரை சிமெண்ட் வரை இரண்டு பேர் உழைப்பு, ஒருத்தன் பெயர். அண்ணன் எனக்கு ஒரு வக்கீலைப் பிடித்தான். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, அதைத் தேடுகிற ஒரு அம்மாள். வக்கீலம்மா டிங்கரைக் கூப்பிட்டு, கையெழுத்தா, போலீஸா என்று கேட்டார். கையெழுத்து என்றான்.

இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பிரித்தார். பட்டறையும் வீடும் ஆளுக்குப் பாதி. பேங்க் கணக்கு தனித்தனி. கம்ப்ரசர், அதன் குழாய், ஸ்ப்ரே கன்கள், பெயின்ட் அடிக்கிற அறை என் பொறுப்பு. வெல்டிங் செட், ஜாக்கி, சுத்தியல்கள் எல்லாம் அவன் பொறுப்பு. தரையில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் டிங்கர், அந்தப் பக்கம் பெயின்டர் என்று எழுதாத குறை. டீ பிளாஸ்க் யாருக்கு என்று கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. கடைசியில் அதையும் எழுதினார்கள், மூடி உட்பட. எதையும் விடவில்லை என்று மூன்று பேருக்குமே அன்று ஒரு திருப்தி.

கடைசியில் நான் கேட்ட பிரிவு வந்தது. கணவன் மனைவி மேல் கைவைத்துக் காயம் உண்டாக்கினால், டாக்டர் சான்றிதழோடு, அவனுடைய பாதி அவளுக்குப் போய்விடும்.

டிங்கர் அதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தான். "இது என்ன ஒருதலைப்பட்சமா இருக்கு? அவ கை மட்டும் என்ன பூப்பறிக்கவா இருக்கு? டம்ளரால என் மண்டையை உடைச்சவ, கேட்டுப் பாருங்க."

அது உண்மை. தையல்கூடப் போட்டார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு குளிர்கிறது.

"ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தா கோர்ட்டுல இன்னும் நல்லா நிக்கும்" என்றார் வக்கீலம்மா. "உங்களுக்கு ஆட்சேபணை உண்டாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இனிமேல் இந்த ஆளை நான் எதற்கு அடிக்கப் போகிறேன்? எழுதிக்கோங்க என்றேன். இருவரில் எவர் மற்றவர் மேல் கைவைத்தாலும் அடித்தவர் பங்கு அடிபட்டவருக்கு. இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். பத்தாவது படிக்கிற என் மகள் ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து அவள் கன்னத்தைக் கிள்ளி, இனிமே நம்ம வீட்டுல சத்தம் இருக்காது என்று சொன்னேன்.

சத்தம் இருந்தது. ஆனால் அடி இல்லை. எனக்கு இல்லை.

பாதி போகும் என்று தெரிந்ததும் அவன் கை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. பேசும்போதே பைக்குள் முஷ்டி முறுக்குவது துணிக்கு மேலே தெரியும். அதற்குப் பதிலாகப் பொருட்களை உடைத்தான், அதுவும் தன் பொருட்களை மட்டும். தன் ரேடியோவைத் தூக்கி என் காலடியில் போட்டு உடைத்தான். நான் குனிந்து அள்ளும்போது சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, "அது நான் அடிச்சதில்லையே" என்றான். அவனுடைய நாற்காலி போயிற்று, அவனுடைய கண்ணாடி போயிற்று. பழைய பானெட் ஒன்றை நடுவில் போட்டு, செத்துப்போன என் அப்பாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி, அது கந்தலாகும் வரை சுத்தியலால் அடித்தான். வாடிக்கையாளர்கள் முன்னால் என்னைப் பற்றி அவன் சொன்னதையெல்லாம் எழுத எனக்குக் கூசுகிறது. சொல்லிவிட்டு முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டுவான்.

"அடிக்கணும்போல இருக்குல்ல? அடி. இந்தா கன்னம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனுக்கு என் பாதி வேண்டும். அதற்கு என் கையிலிருந்து ஒரே ஒரு அடி வேண்டும். இத்தனை வருஷம் கொடுத்துப் பழகியவன் இப்போது வாங்குவதற்காக அலைந்தான்.

நான் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் சும்மா வராது, வந்தால் கண் தெரியாது. இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டேன். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தமாகியிருக்கிறது. என் பல், என் நாக்கு, எந்தப் பிரிவிலும் வராது. ஸ்ப்ரே கன்னைப் பிடித்துக்கொண்டு பெயின்ட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பட்டறை இருந்தால் நானும் என் மகளும் யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைத்துக்கொள்வோம். அந்தப் பாதிதான் எங்கள் இரண்டு பேருக்கும் தரை. அதை ஒரு அறைக்காக விட்டுவிட நான் என்ன கேனையா?

பெருமையாகக்கூட இருந்தது. பத்திரத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். மகளிடம் அடிக்கடி சொல்வேன். "நாலே வரி. அந்த மனுஷனைக் கட்டிப் போட்டுருச்சு பாத்தியா? நான் மட்டும் கையை அடக்கிக்கிட்டா போதும், நம்மளை யாரும் அசைக்க முடியாது."

"ம்" என்பாள்.

ஒருநாள் அதை எடுத்துப் படிக்கலாமா என்று கேட்டாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள், திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். வக்கீலாக வருவாள் போலிருக்கிறது என்று அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பந்து விளையாடப் போவதை நிறுத்தினாள், பரீட்சை வருகிறதே என்று நினைத்தேன். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டாள், வயசுப் பெண் கூச்சம் என்று நினைத்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

பரீட்சை முடிந்து ஸ்கூல் லீவு விட்டிருந்தது. ஒரு வெள்ளைக் காரின் கதவுக்குக் கடைசி வண்ணம் அடிப்பதற்கு முன்னால், தகரத்தில் நெளிவு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதை நேராகப் பார்த்தால் தெரியாது. ட்யூப் லைட்டைக் கையில் பிடித்துக் கதவை ஒட்டிச் சாய்வாகக் காட்ட வேண்டும். வெளிச்சக் கோடு எங்கே வளைகிறதோ அங்கே அடி இருக்கிறது என்று அர்த்தம். மகளைக் கூப்பிட்டு லைட்டைப் பிடிக்கச் சொன்னேன். அவள் கையை உயர்த்தினாள். சட்டைக்கை முழங்கை வரை சரிந்தது.

வண்ணம் என் தொழில். காயத்தின் வண்ணம் என் சொந்த உடம்பில் படித்தது. புதுசு சிவப்பாக இருக்கும், அப்புறம் நீலம், அப்புறம் பச்சை, போகும்போது மஞ்சள். அவள் கையில் எல்லாமே இருந்தது.

"என்னடி இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

நானும் அதே கதவில் இடித்துக்கொண்டவள்தான். அவள் கையிலிருந்து லைட்டை வாங்கிக் கீழே வைத்தேன். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தேன். அங்கேயும் அதே வண்ணங்கள்.

"விடும்மா" என்றாள். "சத்தம் போடாத. உன் பாதி போயிடும்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். பத்திரத்தில் கையெழுத்தான வாரமே ஆரம்பித்திருக்கிறான். நான் பெயின்ட் கடைக்குப் போகும்போது, கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்காதபோது. முதல் தடவை அவளிடம் சொல்லியிருக்கிறான். "நீ அதுல இல்ல. வேணும்னா எடுத்துப் படிச்சுப் பாரு." இவள் எடுத்துப் படித்திருக்கிறாள். அவன் சொன்னது சரிதான். அதில் கம்ப்ரசர் இருந்தது, குழாய் இருந்தது, பிளாஸ்க் மூடி இருந்தது. இவள் எங்கேயும் இல்லை. அவளைப் பிரிக்க வேண்டிய பொருளாக நாங்கள் யாரும் நினைக்காததால், காக்க வேண்டிய ஆளாகவும் எழுத மறந்துவிட்டோம்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அடிச்சிடுவ."

அவளைப் படுக்கவைத்துவிட்டு வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் மளமளவென்று சொன்னார். நாளைக்குக் காலையில் பெண்ணை டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும், தனி வழக்குப் போட வேண்டும், அதுவரை அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "ஆனா ஒண்ணு. நீங்க அவர் மேல கை வைக்காதீங்க. விரல்கூடப் படக் கூடாது. கேஸ் நமக்கு நல்லா இருக்கு, நீங்களே கெடுத்துடாதீங்க."

சரிங்க என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் வந்து டாக்டரிடம் கூட்டிப்போவதாக அண்ணன் சொன்னான். வெளியூர் லோடு, வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை மகளை என் கண்பார்வையிலேயே வைத்துக்கொண்டேன். பெயின்ட் அறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். டிங்கர் ஒரு முன்பக்க மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்தான். நடுநடுவே நிறுத்தி எங்களைப் பார்த்தான். அவள் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஏய், இங்க வந்து இந்தக் கட்டையைப் பிடி" என்று அவளைக் கூப்பிட்டான்.

"நான் பிடிக்கிறேன்" என்று எழுந்தேன்.

"உன் வேலை பெயின்ட். இது என் பக்கம். நீ இங்க வரக் கூடாது, சுத்தியலெல்லாம் என் பொறுப்புன்னு எழுதியிருக்கு."

அவள் எழுந்து போய்விட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன், உருவிக்கொண்டு போனாள். சண்டை வராமல் இருக்கத்தான் போனாள். அவன் கட்டையைக் கொடுக்கவில்லை. அவள் பின்கழுத்தைப் பிடித்து அந்த வெள்ளைக் காரின் கதவில் சாத்தினான். அணைகொடுத்தான். என்னைப் பார்த்தான்.

"இவ எந்தப் பிரிவுல வர்றா? வக்கீலம்மாவுக்குப் போன் போட்டுக் கேளேன்."

சொல்லிவிட்டு அறைந்தான். திரும்பவும் அறைந்தான். அவள் நெற்றி கதவின் விளிம்பில் பட்டுக் கிழிந்தது, நான் அடித்து வைத்திருந்த வெள்ளையில் சிவப்பாக வழிந்தது. இதில் ஒரு தடவைகூட அவன் அவளைப் பார்க்கவில்லை. கண் என் மேலேயே இருந்தது. அவளை அடிப்பதுகூட அவளை அடிப்பதற்காக இல்லை. அவள் ஒரு சுத்தியல், அவ்வளவுதான், தட்டியது என்னை.

அவனுடைய தட்டில் சுத்தியல்கள் அளவு வாரியாக இருந்தன. பெரியதை எடுத்தேன். இரும்பு.

முதல் அடி அவள் கழுத்தைப் பிடித்திருந்த முன்கையில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் எனக்குத் தெரியும், என் உடம்புக்குள்ளிருந்து கேட்டிருக்கிறேன். வெளியிலிருந்து கேட்க வேறு மாதிரி இருந்தது. அவன் அலறினான், கை தொங்கியது, அவள் நழுவிக் கீழே உட்கார்ந்தாள். அப்புறம் வலியில் கோணிய அந்த வாயாலேயே அவன் சிரித்தான்.

"போச்சு" என்றான். "உன் பாதி போச்சு."

உண்மைதான், முதல் அடியிலேயே போய்விட்டது. அதற்கு மேல் அடித்தாலும் போவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. இரண்டாவது அடி அந்தச் சிரிப்புக்கு. தோள்பட்டை எலும்பில் இறக்கினேன். அவன் பின்வாங்கிக் காரில் போய்ச் சாய்ந்தான், முதுகுக்கு நல்ல அணை கிடைத்தது. மூன்றாவது முழங்காலில். பிறகு எங்கே அடித்தேன் என்று தெரியாது. என் முழங்கைக்கு, என் அப்பா பெயருக்கு, வாயில் விழுங்கிய ரத்தத்துக்கெல்லாம் அடித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்ல விருப்பமில்லை. ஒரு வருஷமாகச் சாப்பிடாதவள் சாப்பாட்டில் உட்கார்ந்தது போல இருந்தது.

"வேண்டாம்மா, வேண்டாம்மா, விட்டுடும்மா" என்று மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அப்பன் பாசம் என்று நினைத்து இன்னும் ஓங்கினேன். டயர் கடைக்காரர்கள் வந்து சுத்தியலைப் பிடுங்கியபோது அவன் தரையில் கிடந்து எதையோ முனகிக்கொண்டிருந்தான். கிட்டே போய்க் கேட்டால் "சான்றிதழ், சான்றிதழ்" என்கிறான்.

அண்ணன் வந்து பார்த்தான். கையிலிருந்த வீல் ஸ்பேனரைத் திரும்பக் கொண்டுபோய் லாரியில் வைத்துவிட்டு வந்தான். "எனக்கு வேலையே வைக்கலையே நீ" என்றான்.

அப்புறம் நடந்ததெல்லாம் பேரம். டிங்கர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே சான்றிதழை அனுப்பினான். வக்கீலம்மா மகளின் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவன் போலீசுக்குப் போனால் நானும் போவேன், இரண்டு பேரும் உள்ளே போவோம். கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது இதுதான்: நான் எழுதிய பிரிவின்படியே என் பாதி அவனுக்கு. மகள் எனக்கு. அவன் அவள் இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அவன் வைத்தியச் செலவுக்குக் கம்ப்ரசரும் போயிற்று.

வக்கீலம்மா எனக்கு முகமே கொடுக்கவில்லை. "விரல்கூடப் படக் கூடாதுன்னு சொன்னேனேம்மா" என்று மட்டும் சொன்னார். டிங்கருக்கு வலது கை முழுக்கக் கட்டு, பேனா பிடிக்க முடியாமல் இடது கட்டை விரலை உருட்டினான். நான் இந்தத் தடவை வலது கையால், தெளிவாக, அழகாகக் கையெழுத்துப் போட்டேன். சரியான விலைக்குத்தான் விற்றிருக்கிறேன் என்று தோன்றியது. பெற்ற பெண்ணுக்காகப் பட்டறையையே தூக்கிக் கொடுத்தவள் என்று நாலு பேர் பேசுவார்கள் என்றும் தோன்றியது.

லாரியின் முன் சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பின்னால் இரண்டு பெட்டி, என் ஸ்ப்ரே கன்கள், பிளாஸ்க். மகள் நடுவில், நெற்றியில் பிளாஸ்திரியோடு, சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"போனா போகட்டும் விடு. உனக்காகத்தானே கண்ணு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"எனக்காகவா? நான் கேட்டேனா?" என்றாள். "ஒரு வருஷம்மா. ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திக்கிட்டு, அம்மாவோட பாதி, அம்மாவோட பாதின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் வாங்கினேன். நீ மட்டும் கையை அடக்கிக்கிட்டா போதும்னு நீதானே சொன்ன? அன்னைக்கு இன்னும் கொஞ்ச நேரம் நீ பொறுத்திருந்தா மாமா வந்திருப்பாங்க. நான் பொறுத்துக்கிட்டுதானே இருந்தேன். எல்லாத்தையும் வீணாக்கிட்டியேம்மா."

அடி வாங்கும்போது அழாதவள் அப்போது அழுதாள். உடம்பு குலுங்கக் குலுங்க, சத்தம் வெளியே வராமல், பழகிப்போன அழுகை அழுதாள். அண்ணன் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான், ஆனால் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அணைத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். தோளா, முதுகா, அவளுக்கு எங்கே தொட்டால் வலிக்காது என்று எனக்குத் தெரியவில்லை.